திரையில் படகு ஏன் அசையவில்லை? ஓப்பன்சிபிஎன் கோளாறுகளும் தீர்வுகளும்

ராமேஸ்வரத்தில் என் தங்கை வீட்டுக்காரர் விசைப்படகு வைத்திருக்கிறார். எனக்குக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் லேப்டாப் பழுது பார்க்கும் சின்னக் கடை. பழைய லேப்டாப் ஒன்றில், கடல் வரைபடத்தின் மேல் படகின் இடத்தைக் காட்டும் இலவச மென்பொருளான ஓப்பன்சிபிஎன் போட்டு, யுஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்றையும் இணைத்து அவர் படகுக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் கடலிலிருந்து கேட்ட கேள்விகளும், நான் இங்கே மலையில் உட்கார்ந்து கண்டுபிடித்த பதில்களும்தான் இது.

எந்த மாற்றத்தையும் முதலில் எங்கள் ஏரியில்தான் சோதிப்பேன். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி இது. இதில் மிதந்த முதல் படகே தூத்துக்குடியிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஒரு மணி நேரத்துக்குத் துடுப்புப் படகு எடுத்து, லேப்டாப்பைக் கண்ணாடிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டால் போதும். இங்கே தப்பானால் கரை பக்கத்திலேயே இருக்கிறது. கடலில் அப்படி இல்லை.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். ஆப்ஷன்ஸ் உள்ளே கனெக்ஷன்ஸ் பக்கத்தில், என்எம்இஏ (கடல் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி) வரிகளை வந்தபடியே காட்டும் சன்னல் ஒன்று உண்டு. ஜிபிஎஸ் கருவி அனுப்புவதெல்லாம் எழுத்தும் எண்ணும் காற்புள்ளியுமாக அங்கே ஓடும். ஒழுங்காக வரும் வரி பச்சை, பிழையான வரி சிவப்பு. இதைத் திறக்காமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போனால் ஒரு கோளாறு மூன்றாகும். நானும் முதல் மாதம் அதைத்தான் செய்தேன்.

படகுச் சின்னம் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது

இடம் கிடைத்துவிட்டால் சின்னம் சிவப்பாகும். சாம்பல் என்றால் மென்பொருளுக்கு இடம் தெரியவில்லை என்று பொருள். வரிச் சன்னலைத் திறங்கள்.

சன்னல் காலியாக இருந்தால் ஜிபிஎஸ் பேசுவது லேப்டாப்புக்கே கேட்கவில்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். காம் 3, காம் 5 என்று ஏதாவது எண் இருக்கும். யுஎஸ்பியைப் பிடுங்கினால் மறைந்து, செருகினால் திரும்ப வரும் எண்தான் உங்கள் ஜிபிஎஸ். கனெக்ஷன்ஸில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் எண் மாறிப்போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் லேப்டாப்பில் இடது பக்கம் ஒரு துளையில் சிவப்பு டேப் ஒட்டி, "ஜிபிஎஸ் இங்கே மட்டும்" என்று எழுதி வைத்தேன். பாதி அழைப்புகள் அதோடு நின்றன.

எண்ணுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் கோளாறு. ஜிபிஎஸ்ஸை யுஎஸ்பியில் இணைக்கும் விலை குறைந்த மாற்றி வயர்களில் நகல் சிப் இருக்கும். புது டிரைவர் அதைக் கண்டுகொண்டு வேலை செய்ய மறுக்கும். பழைய டிரைவரைத் தேடி அலைவதை விட வேறு மாற்றி வாங்கிவிடுவது நல்லது. நடுக்கடலில் விண்டோஸ் தானாக டிரைவரைப் புதுப்பித்தால் மறுபடி அதே கதைதான்.

லினக்ஸில் இந்தக் கோளாறுக்கு வேறு முகம். கருவி டிடிஒய்யுஎஸ்பி0 என்றோ டிடிஒய்ஏசிஎம்0 என்றோ தெரியும், ஆனால் திறக்க அனுமதி இருக்காது. உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். மோடம்மேனேஜர் என்ற சேவை போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பயன்படுத்த வேண்டும். விண்டோஸிலும் இதுதான் விதி. ஜிபிஎஸ்ஸைச் சோதிக்க வேறு ஏதாவது மென்பொருளைத் திறந்திருந்தால் அதை மூடிவிட்டு வாருங்கள்.

சன்னலில் வரி ஓடுகிறது, ஆனால் குப்பை எழுத்தும் சிவப்புமாக வருகிறதா? வேகம் பொருந்தவில்லை. பழைய ஜிபிஎஸ் கருவிகள் 4800-ல் பேசும், ஏஐஎஸ் (அக்கம்பக்கக் கப்பல்களைக் காட்டும்) கருவிகள் 38400-ல் பேசும். பாட் ரேட் என்ற இடத்தில் சரியான எண்ணைப் போட்டதும் குப்பை போய் ஒழுங்கான வரி வந்துவிடும்.

வரி பச்சையாகவே ஓடியும் சின்னம் சாம்பலா? அப்படியானால் ஆர்எம்சி என்று வரும் வரியை நிதானமாகப் படியுங்கள். நேரத்துக்கு அடுத்தபடியாக ஒற்றை எழுத்து ஒன்று நிற்கும். "ஏ" என்றால் இடம் கிடைத்துவிட்டது. "வி" என்றால் கருவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. அப்போது பின்னால் எண்ணே இல்லாமல் காற்புள்ளிகள் மட்டும் வரிசையாக நிற்கும். லேப்டாப்பின் மேல் எந்தத் தவறும் இல்லை. கருவிக்கு வானம் தெரிய வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். ராமேஸ்வரத்தில் அணைத்து, பத்து நாள் கழித்துக் கொடைக்கானலில் திறந்தால் அது எங்கே இருக்கிறது என்று முதலிலிருந்து தேடும். செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியல் முழுதும் வந்து சேர மட்டும் பன்னிரண்டரை நிமிடம் ஆகும்.

எங்கள் ஊரில் எல்லாரும் "மூட்டம் போட்டிருக்கு, அதான் எடுக்கல" என்பார்கள். மூட்டம் ஜிபிஎஸ்ஸை மறைக்காது. மலைச்சரிவும், ஈர இலை அடர்ந்த மரமும், தகரக் கூரையும்தான் மறைக்கும். படகுத்துறைக் கூரைக்குக் கீழே நின்று கால் மணி நேரம் காத்திருந்த கருவி, துடுப்புப் போட்டு ஏரி நடுவுக்கு வந்த ஒரு நிமிடத்தில் "ஏ" காட்டியதை நானே பார்த்தேன். அன்று மூட்டத்தில் எதிர்க்கரை கூடத் தெரியவில்லை. படகில் என்றால் கேபினுக்குள் வைக்காமல் கூரைமேல் வையுங்கள்.

மவுஸ் அம்பு தானாகத் துள்ளுகிறது

பார்த்தால் வைரஸ் போல இருக்கும். அம்பு திரையெங்கும் ஓடும், ஜன்னல்கள் தானாகத் திறந்து மூடும். மாப்பிள்ளை அதிகாலையில் ஃபோன் போட்டார்.

"மச்சான், பேய் புகுந்த மாதிரி ஆடுது. கை வைக்கவே விட மாட்டேங்குது."

"ஜிபிஎஸ்ஸைப் பிடுங்குங்க மாப்பிள்ளை."

"நின்னுருச்சு!"

விண்டோஸ் தொடங்கும்போதே ஜிபிஎஸ் செருகியிருந்தால், அது அனுப்பும் வரிகளைப் பழைய காலத்து சீரியல் மவுஸ் என்று தப்பாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் அம்பு நகரும். டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலில் சீரியல் பால்பாயின்ட் என்று ஒன்று புதிதாக முளைத்திருக்கும். அதை டிசேபிள் செய்யுங்கள். அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், செய்தால் அடுத்த தடவை திரும்ப வந்து நிற்கும். லேப்டாப் முழுதாகத் தொடங்கிய பிறகே ஜிபிஎஸ்ஸைச் செருகும் பழக்கமும் நல்லது.

கொஞ்ச நேரம் வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது

யுஎஸ்பி ஜிபிஎஸ் என்றால் விண்டோஸின் மின்சிக்கனம்தான் பெரும்பாலும் காரணம். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் அமைப்பையும் மாற்றுங்கள்.

ஃபோனிலிருந்து வைஃபை வழியாக இடத்தை அனுப்புகிறீர்கள் என்றால், திரை அணைந்ததும் ஃபோன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து செயலிக்கு விலக்கு கொடுங்கள். தொடக்கத்திலிருந்தே ஒரு வரிகூட வரவில்லை என்றால் லேப்டாப்பின் ஃபயர்வாலைப் பாருங்கள். இந்த வேலைக்கு வழக்கமான போர்ட் எண் 10110. இரண்டு பக்கமும் அதே எண்ணும், இரண்டு பக்கமும் யுடிபி அல்லது இரண்டு பக்கமும் டிசிபி என்றும் இருக்க வேண்டும்.

இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் போகிறதா? படகு பேட்டரியில் ஓடும் ஜிபிஎஸ்ஸுக்கு ஸ்டார்ட்டர் இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கும், கருவி அணைந்து எரியும், பழையபடி "வி"யில் தொடங்கும். முதலில் இன்ஜின், அப்புறம் கருவிகள் என்று வரிசையை மாற்றினால் போதும். இன்வெர்ட்டரில் லேப்டாப் சார்ஜ் போடுபவர்களுக்கும் இதே வரிசைதான்.

படகு வேறெங்கோ நிற்கிறது

இது ஒன்றை மட்டும் அவசரமாகப் படிக்க வேண்டாம். சாம்பல் சின்னம் உங்களை ஏமாற்றாது, தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். சிவப்பாக, அழகாக நகர்ந்துகொண்டே தப்பான இடத்தைக் காட்டும் சின்னம்தான் ஆபத்து.

முதலில் எத்தனை தூரம் தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். பல கிலோமீட்டர் என்றால் எண்ணை எழுதும் முறையில் குழப்பம். என்எம்இஏ வரியில் ஏரியின் அட்சரேகை 1014.05 என்பது போல வரும். இது 10 பாகை, 14.05 நிமிடம். தசமப் பாகையில் சொன்னால் 10.2342. அதை 10.1405 என்று நினைத்து வேறு இடத்தில் தட்டினால், புள்ளி தெற்கே பத்து கிலோமீட்டர் போய்விடும். ஒரு பாகைக்கு அறுபது நிமிடம், நூறு இல்லை.

பாக் நீரிணையில் இந்தத் தப்பு எவ்வளவு தூரம் இழுக்கும் என்று பாருங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஒப்பந்தத்தில் கடல் எல்லைக்கோட்டின் மூன்றாவது புள்ளி வடக்கு 9 பாகை 40.15 நிமிடம், கிழக்கு 79 பாகை 22.60 நிமிடம். யாரோ தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அதை 9.4015, 79.2260 என்று தட்டினால், புள்ளி தெற்கே 16 நாட்டிகல் மைலும் மேற்கே 9 நாட்டிகல் மைலும் நகர்ந்துவிடும். அதை வைத்து வரைந்த எல்லைக்கோடு எங்கே போகும்? திரையில் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது, கோடு நேராகத்தான் இருக்கும். மாப்பிள்ளை படகிலிருந்து அனுப்பிய ஃபைலில் இப்படி ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலை ஃபோனில் ஒவ்வொரு புள்ளியாக அவர் வாசிக்க, நான் சரிபார்த்தேன்.

ஆப்ஷன்ஸில் டிஸ்பிளே, அதில் யூனிட்ஸ் பகுதிக்குப் போய் அட்ச தீர்க்க ரேகைகளைப் பாகை, தசம நிமிடம் என்று வையுங்கள். படகில் ஏற்கெனவே இருக்கும் ஜிபிஎஸ் கருவியிலும் அதே வடிவம் இருக்கட்டும். புள்ளியைத் தட்டும்போது 9 போட்டு, ஒரு இடைவெளி விட்டு, 40.15 போடுங்கள். அப்புறம் கரையில் நீங்கள் நன்றாக அறிந்த இடம் ஒன்றை, ஒரு கலங்கரை விளக்கத்தையோ பாலத்தையோ அதே முறையில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளி நிற்பது நூறு இருநூறு மீட்டர்தான் என்றால் கதை வேறு. கடல் வரைபடம் எங்கள் ஏரிக்குக் கிடையாது என்பதால் சோதனைக்குப் பழைய நில அளவை வரைபடத்தை ஸ்கேன் செய்து போட்டிருந்தேன். ஏரி நடுவில் துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்த நான், திரையில் ஏரிச்சாலையைத் தாண்டி மரங்களுக்குள் நின்றேன். நகர்ந்து நகர்ந்து நாலு இடத்தில் பார்த்தேன். நாலிலும் ஒரே திசை, ஒரே தூரம். அந்த ஒற்றுமைதான் துப்பு. பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற அடிப்படையில் (பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கு) வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைபடத்தின் அடிப்படை எவரெஸ்ட் என்று சொல்லி மாற்றியதும் நான் தண்ணீருக்குத் திரும்பினேன். இடத்துக்கு இடம் தள்ளல் வேறு வேறாக இருந்தால் அடிப்படையைக் குற்றம் சொல்லாதீர்கள், ஸ்கேன் செய்தபோது குறித்த மூலைப் புள்ளிகள் தப்பு.

படகின் தலை வட்டமடிக்கிறது

நங்கூரம் போட்டு நிற்கும்போதோ துடுப்புப் படகு வேகத்திலோ இது வரும். படகின் தலை எந்தப் பக்கம் என்று ஜிபிஎஸ் அளப்பதில்லை, நாம் எந்தப் பக்கம் நகர்கிறோம் என்றுதான் கணக்குப் போடுகிறது. நகரவே இல்லை என்றால் சின்னச் சின்னப் பிழைகளெல்லாம் திசையாகிவிடும். கனெக்ஷன்ஸ் பக்கத்தில் வேகம், திசை இரண்டையும் வடிகட்டும் பெட்டி உண்டு. அதை டிக் செய்யுங்கள். வரைபடமும் சேர்ந்து சுற்றினால் கோர்ஸ்அப் (போகும் திசை மேலே) அமைப்பில் இருக்கிறீர்கள், நார்த்அப்புக்கு (வடக்கு மேலே) மாற்றுங்கள். கோளாறு இல்லாத கோளாறு இது.

வரைபடமே இல்லை

நிறுவியதும் தெரிவது உலகக் கரையோரத்தின் கரடுமுரடான பின்னணி மட்டும். கொடைக்கானலில் திறந்தால் நாலு பக்கமும் தரைதான். கடலில் அதை நம்பிப் போகக் கூடாது.

உண்மையான கடல் வரைபடங்களை இந்தியாவில் வெளியிடுவது டேராடூனில் உள்ள தேசிய நீரளவியல் அலுவலகம். மென்பொருள் இலவசம் என்றால் வரைபடமும் இலவசம் என்று பொருள் இல்லை. அமெரிக்கா தன் கடலுக்கான மின்வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. நம் கடலுக்கானவை பூட்டிய வடிவில் விலைக்கு வருகின்றன, அதைத் திறக்கத் தனிச் செருகுநிரலும் அனுமதி எண்ணும் வேண்டும். ஏரி, அணை போன்ற இடங்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து க்யூஜிஐஎஸ்ஸில் எம்பிடைல்ஸ் ஃபைல் செய்துகொள்ளலாம். அதில் கரை இருக்கும், ஆழம் இருக்காது.

ஃபைல் இருக்கிறது, திரையில் வரவில்லை என்றால் சார்ட்ஸ் பக்கத்தில் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைச் சேர்த்து, பட்டியலைப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். படகே திரையை விட்டு ஓடிவிட்டதா? எஃப்2 அழுத்துங்கள், பின்தொடர ஆரம்பிக்கும்.

தெரிந்த பார் திரையில் இல்லை

மாப்பிள்ளைக்குக் கை வைத்தாற்போலத் தெரிந்த பார் (கடலடிப் பாறைத்திட்டு) ஒன்று. வரைபடத்தில் காணோம் என்றார். பெரிதாக்கிப் பாருங்க என்றேன். வந்துவிட்டது.

வெக்டர் வரைபடம் (படமாக இல்லாமல் தரவாக இருப்பது) சுருங்கச் சுருங்க, கூட்டத்தைக் குறைக்க விவரங்களை மறைத்துக்கொண்டே போகும். மறைவதில் பாறையும் இருக்கலாம். 2014 நவம்பர் 29 அன்று உலகம் சுற்றும் பந்தயத்தில் இருந்த டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற பாய்மரப் படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஹோஸ் திட்டுகளில் இரவில் முட்டி நின்றது. தேர்ந்த மாலுமிகள், விலை உயர்ந்த கருவிகள். மின்வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததுதான் முக்கியமான காரணங்களில் ஒன்று என்று விசாரணையில் வந்தது. ஒன்பது பேரும் உயிர் பிழைத்தார்கள்.

ஆகவே பாதையை வரைந்த பிறகு, பெரிதாக்கிய நிலையில் முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை முழுதும் இழுத்துப் பாருங்கள். கரையிலேயே, டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். டிஸ்பிளே வகையை பேஸ் என்பதில் விட்டுவிடாதீர்கள். ஓவர்ஜூம் என்று மூலையில் எழுதி வந்தால் அந்த வரைபடத்தில் இருப்பது அவ்வளவுதான், மேலும் பெரிதாக்கினால் புது விவரம் வராது.

ஆழ எண் பொருந்தவில்லை

அலகைப் பாருங்கள். மாப்பிள்ளை ஆழத்தைப் பாகத்தில் சொல்வார், திரையில் மீட்டர் இருந்தது. யூனிட்ஸில் ஃபாதம் என்று மாற்றினால் அவர் பழகிய பாகக் கணக்குக்கு வந்துவிடும். ஒரு பாகம் ஏறத்தாழ 1.83 மீட்டர். மாற்றிய கையோடு பாதுகாப்பு ஆழத்தின் எண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தொடங்கியதும் திரை கறுப்பு, அல்லது மூடிக்கொள்கிறது

பழைய லேப்டாப்புகள் பலவற்றில் ஓப்பன்ஜிஎல் (திரையில் படம் வரைவதை முடுக்கும் வசதி) ஒத்துவராது. நோ-ஓப்பன்ஜிஎல் என்ற கட்டளையோடு தொடங்கி, உள்ளே போய் அந்த முடுக்கத்தை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் ஓப்பன்சிபிஎன்.ஐஎன்ஐ ஃபைலின் பெயரை மாற்றி வையுங்கள், புது அமைப்போடு தொடங்கும். அழிக்காதீர்கள். அதற்கு முன்னால் நாவ்ஆப்ஜ் என்று தொடங்கும் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துவையுங்கள். வருஷக்கணக்கில் சேர்த்த மீன்பிடி இடங்களும் பாதைகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

மற்ற கப்பல்கள் தெரியவில்லை

ஏஐஎஸ் கருவி இல்லாமல் ஜிபிஎஸ் மட்டும் இருந்தால் எதுவும் தெரியாது. கருவி இருந்தும் தெரியவில்லை என்றால் 38400 வேகத்தையும், ஆன்டெனா விஎச்எஃப்புக்கானதா என்பதையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஏஐஎஸ் பொருத்தாத படகு திரையில் வராது. நம் நாட்டுப்படகுகள் பலவும் அப்படித்தான், இரவில் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சில்லறைச் சந்தேகங்கள்

நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டினால் அது உலக நேரம், தப்பில்லை. இடம் சரியாக இருந்து தேதி மட்டும் ஏறத்தாழ இருபது வருஷம் பின்னால் இருந்தால் கருவி பழசு. ஜிபிஎஸ்ஸின் வார எண் 1023 வரை போய் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும், கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6-ல். கடல் மட்டத்தில் நிற்கும்போது ஃபோன் உயரத்தை மைனஸ் தொண்ணூறு சொச்சம் மீட்டர் என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். இந்தியாவுக்குத் தெற்கே கடல் மட்டம், ஜிபிஎஸ் பூமிக்கு வைத்திருக்கும் கணக்கு வடிவத்தை விட நூறு மீட்டருக்கு மேலும் தாழ்ந்திருக்கிறது, அந்தத் திருத்தம் போடாத செயலி அப்படித்தான் சொல்லும்.

இதில் எதற்குள்ளும் அடங்காத கோளாறு வந்தால் என்எம்இஏ வரிகளைப் பதிவு செய்து திரும்ப ஓட்டிக் காட்டும் விடிஆர் செருகுநிரலை இயக்கிப் பதிவு செய்யுங்கள். கோளாறு வரும்வரை ஓடட்டும். வந்ததும் நிறுத்தி, அந்தப் பதிவையும் ஓப்பன்சிபிஎன்.லாக் ஃபைலையும், எந்தப் பதிப்பு, விண்டோஸா லினக்ஸா என்பதையும் சேர்த்து உதவி கேட்பவருக்கு அனுப்புங்கள். மாப்பிள்ளை கரைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். எங்கள் ஊர் ஏழு ரோட்டில் கடைகள் அடைத்த பிறகு நான் அதை ஓடவிட்டுப் பார்ப்பேன். அவர் படகு பாம்பனைத் தாண்டி என் மேசைமேல் போய்க்கொண்டிருக்கும். எந்த நொடியில் "ஏ" போய் "வி" வந்தது என்று வரியிலேயே தெரியும், அந்த நொடியில் என்ன செய்தார் என்று அவரிடம் கேட்பேன்.